ஈரலுக்குள் வைத்த சூடு

என் ஈரலுக்குள் ஒரு கட்டி. பித்தக்குழாயில் தொடங்கிய புற்றுநோய் என்றார்கள். மிச்ச ஈரலும் பழுது, அதனால் வெட்டி எடுக்க முடியாதாம். நீட்டு ஊசியொன்றைத் தோலுக்கு மேலால் உள்ளே விட்டு, அதன் நுனியைச் சூடாக்கி, கட்டியை இருந்த இடத்திலேயே கருக்கிவிடலாம் என்றார் கொழும்பு டொக்டர். அப்போது அது ஒரு சின்னத் தேசிக்காய், எலுமிச்சங்காய், அளவு. அதற்கு மேல் பெருத்தால் ஊசியும் கைவிட்டுவிடும்.

நெடுந்தீவுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது ஒருவரும் அழவில்லை. சுடுவதென்றால் எங்கள் ஊருக்கு மாடுதான் ஞாபகம் வரும். ஆளுக்கொரு குறி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மாட்டின் தொடையில் வைப்பார்கள். என்னைப் பார்க்க வந்தவர்களெல்லாம் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, ஈரலில் என்ன குறி போடுவார்கள் என்று கேட்டுச் சிரித்தார்கள். முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் லிகிதராக இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவர் மாடு வளர்க்கிறவர். ஊரில் பாதி மாடுகளுக்குக் குறி சுட்டது அவர் கை. இந்த விஷயத்தில் டொக்டரைவிடத் தனக்கு அனுபவம் கூட என்று உண்மையிலேயே நம்பினார்.

"கம்பி எவ்வளவு நேரம் காயவேணுமெண்டு அவைக்குத் தெரியுமோ?"

"கம்பியில்லை அண்ணை, ஊசி. எல்லாம் மிசின் பாத்துக்கொள்ளும்."

"மிசின் எப்பவாவது மாடு பிடிச்சிருக்கோ?"

கொழும்புக்குத் துணைக்கு அவரே வந்தார். படகு, பஸ், பிறகும் பஸ். மடியில் உரப்பைக்குள் இரண்டு செவ்விளநீர். சுடுவதற்கு முன் மாட்டுக்கு வயிறு முட்டத் தண்ணீர் காட்டவேண்டும், இல்லாவிட்டால் சூடு உடம்பெல்லாம் ஏறிவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். ஆஸ்பத்திரியிலோ முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விடிய, தாதி அப்பால் போன நேரம் பார்த்து அண்ணை இளநீரை நீட்டினார். படித்த மனுசனாகிய நான் இரண்டையும் குடித்தேன். பயத்தில்தான் குடித்தேன்.

தாதி வந்தார். "ஐயா, ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

"சாப்பாடு இல்லைப் பிள்ளை. இரண்டு இளநி குடுத்தனான். இனிப் பயப்பிடாமல் சுடலாம்" என்றார் அண்ணை, பெருமையாக.

மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். நிறைந்த வயிற்றோடு மயக்கினால் குடித்தது மேலே வந்து சுவாசப்பைக்குள் போய்விடுமாம். மிசினுக்கு வரிசையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்கு இனி ஒரு மாதம் கழித்துத்தான்.

அந்த மாதம் முழுவதும் அண்ணை என் வீட்டுப்பக்கம் வரவில்லை. கட்டி வளருதோ என்று என் மனைவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். ஈரல் என்ன, வேலிக்கு மேலால் எட்டிப்பார்க்கிற சாமானா? ஆனால் புறப்படுகிற அன்று எனக்கு முதலே படகில் ஏறி இருந்தார்.

இரண்டாம் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் உள்ளே கிடந்த நேரம் முழுவதும் அண்ணை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்தாராம். அடுத்த நாளும் அப்படித்தான். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். இந்த ஒரு மாதத்தில் கட்டி கொஞ்சம் பெருத்துவிட்டது, ஒரு ஓரம் எரியாமல் மிஞ்சியிருக்கலாம், திரும்பப் படம் எடுத்தால்தான் தெரியும் என்றார்.

வெளியே வந்தேன். அண்ணை எழும்பி நின்றார்.

"முழுக்க எரிஞ்சிட்டுதோடா?"

எனக்குச் சாகப் பயமாக இருந்தது. ஆனால் அவரில் கோபம் வரவில்லை.

"ஓம் அண்ணை, முழுக்க எரிஞ்சிட்டுது."

அவர் அப்படியே திரும்ப வாங்கில் குந்தி, குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதடா" என்றார்.