முந்தி விழுந்த அடி

எங்கள் தலைவர் கம்பெனிச் சட்டத்தை ஒருமுறையாவது புரட்டியிருந்தால், அந்த ஐந்து பேரையும் பங்குதாரர் கூட்டத்துக்கு முதல் நாள் அடிக்கச் சொல்லியிருப்பார். மூன்று நாள் முன்னதாகவே அடிக்கச் சொல்லிவிட்டார். தனக்குப் பதிலாக ஓட்டுப் போட ஆள் அனுப்பும் பிராக்சிப் படிவம், கூட்டத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டால் செல்லும்.

ரிஷிவந்தியம் பக்கம் ஒரு குச்சிக்கிழங்கு மாவு ஆலையில் நான் கம்பெனிச் செயலாளர். பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனி. ஆலைக்கு நிலம் கொடுத்த குடியானவர்களுக்குப் பணத்துக்குப் பதில் பங்கு தந்திருந்தார்கள். அந்த நிலத்தைத் தன் மருமகனுக்குச் சல்லிசாக விற்கத் தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். கைதூக்கும் ஓட்டில் ஆளுக்கு ஒரு கைதான். தலைவர் ஜெயிக்க, தலா ஒரு பங்கு கொடுத்து உட்காரவைத்த ஆலைக் கூலிகளே போதும். பங்குக் கணக்கில் ஓட்டெடுத்தால் குடியானவர்கள் ஜெயிப்பார்கள். ஆனால் அப்போதைய சட்டப்படி அப்படிக் கேட்க ஐந்து பேர் வேண்டும். கேட்பதாகச் சொன்ன ஐவரைத்தான் ஆலை வாசலில் இரும்புக் குழாயால் அடித்தார்கள். மணலூர்பேட்டைக்காரருக்கு மண்டை பிளந்தது. ஐவரும் மனைவி பேரில் பிராக்சி கொடுத்தார்கள்; அவர் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைநாட்டு வைத்தார்.

கூட்டத்தில் அவர்களின் மனைவிகள் ஐவரும் எழுந்தார்கள்.

“பிராக்சி பேசக்கூடாது. உக்காரும்மா” என்றார் தலைவர்.

“பேச வரலைங்க. பங்குக் கணக்குல ஓட்டெடுங்க” என்றாள் மணலூர்பேட்டைக்காரரின் மனைவி.

தலைவர் என்னைப் பார்த்தார். பேசக்கூடாது, ஆனால் ஓட்டெடுப்புக் கேட்கலாம் என்றேன். உடனே நாற்காலிகள் பறந்தன. ஒருத்திக்குப் பல் தெறித்தது. வெளி இயக்குநர்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் கழிப்பறை ஞாபகம் வந்தது.

தலைவரின் வக்கீலிடம் யாரோ வந்து காதில் சொன்னார்கள். அவர் மணலூர்பேட்டைக்காரரின் மனைவியைப் பார்த்து மைக்கைப் பிடித்தார்.

“யம்மா, உன் வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில பூட்டாராம். செத்தவரு குடுத்த பிராக்சி செல்லாது. மீதி நாலு பேரு பத்தாது.”

அவளுக்குச் செய்தி அப்படித்தான் வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டுத் தரையில் விழுந்தாள். நான் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தேன்: கூட்டம் தொடங்குமுன் சாவுச் செய்தி எழுத்தில் வந்திராவிட்டால் ஓட்டு செல்லும். படித்து முடிக்கும் முன் ஒரு குத்தில் என் மூக்கு உடைந்தது. கடன் கொடுத்த வங்கியின் அதிகாரி எதிரே உட்கார்ந்திருந்ததால் தலைவரால் அதற்குமேல் முடியவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது.

சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு அவள் கேட்டாள்: “நான் போலாங்களா? இன்னும் எதுனா கீதுங்களா?”

“போம்மா” என்றேன்.

தீர்மானம் தோற்றதாக அறிவித்தபோது, அவள் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.