ஓரங்குலம் குட்டையான கதவுகள்

அந்தத் தச்சன் இருபது வருஷம் அடுத்தவன் பட்டறையில் கூலிக்கு இழைப்புளி தள்ளியவன். சொந்தப் பட்டறை போடுவேன் என்று சொல்லாத நாள் இல்லை என்பதால் கூட இருந்தவர்கள் ‘முதலாளி’ என்றே கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். ஒருவழியாகப் போட்டும் விட்டான். மனைவியின் தையல் மெஷின் போய், ரம்பம் வந்தது.

முதல் வேலையே பெரிய வேலை: ஒரு விடுதியின் கீழ்த்தளக் கதவுகள் முழுக்க.

அவன் அளவு டேப்பின் முனை உடைந்திருந்தது. அப்படிப்பட்ட டேப்பை ஒன்றாம் அங்குலக் கோட்டிலிருந்து பிடித்து, கடைசியில் ஓரங்குலம் கூட்டி அறுக்க வேண்டும். கோட்டைப் பிடித்தான், கூட்ட மறந்தான். அத்தனை கதவும் குட்டை. மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

“என்னப்பா, கீழ எலி குடும்பத்தோட போயிட்டு வரும் போலிருக்கே,” என்றார் விடுதிக்காரம்மா.

“டேப்பு மோசம்மா. மரமும் பச்சை மரம், சுருங்கிப்போச்சு.”

“எல்லாக் கதவும் பேசிவெச்சு ஒரே அளவா சுருங்குச்சா?”

அவன் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான்.

“இதப் பாரு. நான்தான் தப்பா அறுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. சரிபண்ணிக் கொடு. மாடிக் கதவும் உனக்குத்தான்.”

வாய் வரைக்கும் வந்தது. பலகையின் மறுமுனையைப் பிடிக்க வந்திருந்த மனைவி பக்கத்தில் நின்று அவனையே பார்த்தாள்.

“அறுக்கும்போது இவதான் கூப்பிட்டுக் கவனத்தைக் கெடுத்துட்டா,” என்றான்.

விடுதிக்காரம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். “சரிப்பா, நீ கெளம்பு.” மாடிக் கதவுகள் வேறு ஆளுக்குப் போயின. குட்டைக் கதவுகளும் கழன்று பட்டறைக்கே திரும்பி வந்தன.

இந்தத் தொழிலில் ஏட்டைத் தொடாமலே சொந்தக் கையால் மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அறுத்துக் கெடுத்த மரத்தை அடுக்கினால் ஒரு வீடே கட்டலாம். ‘நான்தான் கெடுத்தேன்’ என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு கூசியதில்லை. அதனால்தான் இன்றைக்கு நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்து, நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்கள்.

“நான் உங்களக் கூப்பிடவே இல்லீங்களே,” என்று வழியில் மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு சோறு போடுவாள், பேச மாட்டாள்.

ரம்பத்தையும் விற்றாயிற்று. காலிப் பட்டறையில் உட்கார்ந்து, இன்னும் யார்மேல் போடலாம் என்று யோசித்தான். டேப்பு, மரம், பொண்டாட்டி, கெட்ட நேரம் எல்லாம் தீர்ந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒரே ஆள். அந்த ஆளைத் தொட மட்டும் அவனுக்குக் கடைசி வரை துணிச்சல் வரவில்லை.