ஒரு பை காற்றும் ஒரு கெட்டி மேளமும்

கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் பார்க். கட்டம்போட்ட கில்ட் பாவாடை, முழங்கால்வரை கம்பளி சாக்ஸ், தோளில் பேக்பைப். இந்தக் கோலத்தில் நின்று ஐஸ் போட்ட கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன். என் வேலை முடிந்திருந்தது. மாப்பிள்ளையை வாசலிலிருந்து மண்டபக் கதவுவரை வாசித்துக் கூட்டிவந்தாயிற்று. இனி சாப்பாடுதான். அப்போதுதான் பெண்ணின் அம்மா விஜயாக்கா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தார்.

அவரைப் பார்த்ததும் பயந்தேன். அதற்கு ஒரு முன்கதை உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் பேக்பைப் வகுப்பு நடத்துகிறேன். விஜயாக்காவின் மகள் கவிதா பண்டமாரானிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து கற்றவள். தன் கல்யாணத்தில் மாஸ்டர் வாசித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அம்மா சம்மதித்தார், நிபந்தனையோடு.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். நீங்க சீனவங்க சாவுக்கெல்லாம் ஊதுறவரு. வாசலோட நின்னுக்கணும். உள்ள நாதஸ்வரம் மட்டும்தான். அதுவும் இது ஆரம்பிக்கிறப்ப ஒரு ஊளை விடுது பாருங்க, அது மணவறைப் பக்கம் கேக்கவே கூடாது."

ஊளை என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. பையில் காற்றை நிரப்பி, ஒரு தட்டு தட்டி, கக்கத்தில் வைத்து அமுக்கினால் தோளில் நிற்கும் மூன்று ட்ரோன் குழாய்களும் முனகிக்கொண்டு எழும். விரல் வைத்து வாசிக்கும் குழாய்க்கு சாண்டர் என்று பெயர். அது கடைசியாக எழுந்து கத்தும். பாட்டு அதற்குப் பிறகுதான்.

அப்படிச் சொன்ன அக்காதான் இப்போது மூச்சு வாங்க என் முன்னால் நின்றார்.

"நாதஸ்வரக்காரங்க வேன் ஹைவே ஜாம்ல மாட்டிக்கிச்சு மாஸ்டர். முகூர்த்தம் முடியப் போகுதுன்னு குருக்கள் கத்துறாரு. டிஜே பையன் போன்ல கெட்டி மேளம் போடுறேங்கிறான். கவிதா என்னடான்னா, 'மாஸ்டர் வெளிய இருக்காருலா, போன்ல போட்டா நான் எந்திரிச்சுப் போயிருவேன்'ங்கிறா."

"அக்கா, நான் வாசலோட நிக்கணும்னு நீங்கதானே..."

"இப்ப வாங்க!"

ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். என் காருக்குக் குறுக்கே கேட்டரிங் லோரி நின்றது. அது மட்டும் நிற்காமல் இருந்திருந்தால் ஓடியிருப்பேன், எழுத இந்தக் கதையே இருந்திருக்காது.

பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம்

என்னோடு சைட் டிரம் அடிப்பவன் ஜஸ்வந்த். செந்தூல்காரப் பஞ்சாபி. என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவான்.

"டேய், உள்ள ஏர்கான் போட்டு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு. நீ ட்யூன் பண்ணினது வெயில்ல."

"தெரியும்டா."

"தெரிஞ்சும் ஏன்டா போற?"

"சாப்பாடு உள்ளதானே இருக்கு."

வெயிலில் சேர்த்த சுருதி குளிரில் நிற்காது. ட்ரோன் ஒரு பக்கம் போகும், சாண்டர் இன்னொரு பக்கம் போகும். மண்டப மேனேஜரைப் பிடித்து, "பாஸ், ஏர்கானை அடைச்சிடுங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் மண்டபமே கல்யாணப் பத்திரிகையை விசிறியாக்கிக்கொண்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. குருக்கள் விரலைத் தூக்கிய நொடியில் மேளம் முழங்க வேண்டும். என் வாத்தியத்தை அப்படி நினைத்த நொடியில் தொடங்க முடியாது. தாலி ஏறும் நேரத்தில் ஊளை விட்டால் விஜயாக்கா என்னைக் கடலில் தள்ளிவிடுவார். போர்ட் கிள்ளான் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு வழிதான் தோன்றியது. ட்ரோன் குறைந்த அழுத்தத்திலேயே பேசும். சாண்டருக்கு இன்னும் கொஞ்சம் அமுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து இருக்கிறது. ட்யூன் பண்ணும்போது அந்தச் சந்தைச் சட்டென்று கடந்துபோவோமே தவிர, அங்கே யாரும் குடியிருப்பதில்லை. கூடுதலாக அமுக்கினால் சாண்டர் கத்திவிடும். கை தளர்ந்தால் ட்ரோன் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகிச் சாகும்.

கை கழுவும் இடத்துக்கு வந்து, மண்டபக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, ஊளையை அங்கேயே முடித்தேன். அழுத்தத்தைக் குறைத்து சாண்டரை அடக்கினேன். ட்ரோன் மட்டும் நின்றது. ஜஸ்வந்த் கதவைத் திறந்தான்.

உள்ளே

நடந்து போய் மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன்.

முதலில் நாற்காலி இழுக்கும் சத்தம் நின்றது. பிறகு பேச்சு நின்றது. அதுவரை ஜாமில் மாட்டிய டாக்சிக்காரர்போல் மந்திரத்தை விரட்டிக்கொண்டிருந்த குருக்களின் குரல் மெல்ல வேகம் குறைந்தது. கொஞ்சம் இறங்கியது, தேடியது, வந்து என் ட்ரோன் மேல் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எது அவர் குரல், எது என் குழாய் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அக்கினியின் புகைகூட அந்தச் சத்தத்தில் சாய்ந்து நிற்பதுபோல் இருந்தது.

பாதி ஆயுள் இந்த வாத்தியத்தைத் தோளில் சுமந்திருக்கிறேன். அணிவகுப்பில் நடக்க, விருந்தாளியை வரவேற்க, சவப்பெட்டியின் முன்னால் போக. ட்ரோனை எந்த நாளும் நான் தனியாகக் கேட்டதில்லை, அது பாட்டுக்கு அடியில் ஓடும் மோட்டார் என்றே நினைத்திருந்தேன். அன்று என் விலா எலும்பு வழியாக அது எனக்குள் போனது. பயம் எந்தக் கதவு வழியாக வெளியேறியது என்று தெரியவில்லை.

பரவசத்துக்கு ஆயுசு குறைவு. குருக்கள் சுருதி கிடைத்த சந்தோஷத்தில் மந்திரத்தை நீட்டிக்கொண்டே போனார். கை வலித்தது. அப்போது பார்த்து இடுப்பில் கில்ட் பக்கிள் நழுவியது. ஒரு கை பைக்கு, ஒரு கை சாண்டருக்கு. மூன்றாவது கையை ஸ்காட்லாந்துக்காரன் யோசிக்கவில்லை. ஜஸ்வந்தைப் பார்த்தேன். அவன் இரண்டு குச்சியையும் தூக்கிக் காட்டி உதட்டைப் பிதுக்கினான். வயிற்றை உப்பிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் தின்ற நாசி லெமாக் அன்றுதான் எனக்கு நன்றி செலுத்தியது.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

குருக்களின் விரல் உயர்ந்தது. அமுக்கினேன். சாண்டர் ஊளையில்லாமல், கீறல் இல்லாமல் பளிச்சென்று எழுந்தது. ஜஸ்வந்தின் டிரம் உருண்டது. மண்டபம் அதிர, அட்சதை மழையாக விழ, கவிதாவின் கழுத்தில் தாலி ஏறியது. முடிச்சு விழுந்ததை நான் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். வேர்வை என்று ஜஸ்வந்திடம் சொன்னேன். நம்பாமல் தலையாட்டினான்.

பந்தியில்

நாதஸ்வரக்காரர்கள் பாயசத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கை கழுவும் இடத்தில் குருக்களைப் பிடித்தேன்.

"சாமி, நீங்க என் சுருதிக்கு வந்தீங்களே, எப்படி?"

"நானா? நீதான்பா என் சுருதிக்கு வந்தே."

சுருதியை முடிவுசெய்யும் என் ட்ரோன் நீளத்தை வாசிக்கும்போது மாற்ற முடியாது என்று விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அந்தச் சத்தம் யாருடையது என்று எனக்கும் அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

விஜயாக்கா வந்து என் இலையில் இன்னொரு வடை வைத்தார்.

"மாஸ்டர், முதல்ல பாட்டே இல்லாம ஒண்ணு வந்துச்சே, அது என்னா?"

"அதுதான் ட்ரோன், அக்கா."

"மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அதோட விட்டிருக்கலாம். பின்னாடி ஊதினது கொஞ்சம் ஜாஸ்திலா."

இப்போது என் வகுப்பில் பைப் தோளில் ஏறியதும் முதல் பாடம் அதுதான். சாண்டரை எழுப்பாமல் ட்ரோனை மட்டும் பிடித்து நிற்க வேண்டும். "எப்பதான் மாஸ்டர் பாட்டு?" என்று எல்லாரும் முனகுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வந்துகொண்டிருக்கும் கவிதா மட்டும் கேட்பதில்லை. அன்று அவள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள். கண்ணை மூடி, பையை அணைத்து, அந்தச் சின்னச் சந்துக்குள் அசையாமல் நிற்கிறாள். அறை அமைதியாகிறது.

அந்த நேரம் பார்த்து நான் யாருக்கும் தெரியாமல் என் பக்கிளை ஒரு முறை இறுக்கிக்கொள்கிறேன்.