பாறூக் நானா அழித்த ஃபோல்டர்கள்

விஜயகலா யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்துகொண்டே கொழும்புக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவள். இரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் விவரங்களை நலச் சங்கத்துக்காகத் தொகுத்தவளும் அவள்தான். ஆனால் சங்கத்துக் கணினியும் அதிலுள்ள தரவும் இருப்பது பஜாரில், செயலாளர் பாறூக் நானாவின் இரும்புக் கடையில்.

"புதுசா ஒண்டும் படிக்க ஏலாது புள்ள. எனக்கு ஃபோல்டர் தொறக்கத் தெரியும், அவ்வளவுதான்" என்று கையை விரித்துவிட்டார் மனிதர்.

சரி, அதுவே வழியாக இருக்கட்டும் என்று அவள் ஃபோல்டர்களைப் படைத்தாள். உண்மையில் அப்படி ஃபோல்டர் எதுவும் கிடையாது. 'ஓ நெகட்டிவ்' என்பதைத் திறந்தால், நிரல் அப்போதுதான் தரவைக் கேட்டுப் பெயர்களைக் கோப்புகளாகக் காட்டும். 'பஜார்' என்பதைத் திறந்தால் அதே ஆட்களில் சிலர் அங்கேயும் நிற்பார்கள்.

கடைக்காரர் கண்ணுக்கு இது பொறுக்குமா? புது வருசத்துக்குக் கடையைத் துப்புரவாக்கியவர் கணினியையும் விடவில்லை. "ஒரே சாமான மூணு தட்டுலயா அடுக்குற?" என்று முனகியபடி ஃபோல்டர்களை அழித்துத் தள்ளினார்.

மறுநாள் காலை அத்தான் சுதாகரன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "கலா, அக்காவுக்கு ரத்தம் நிக்கலம்மா. ஓ நெகட்டிவ் வேணுமாம், ஒடனே ஆள் பாரு."

பிரசவத்துக்குப் போன அக்கா ஷாமிளா! உடனே நானாவை அழைத்தாள்.

"யா அல்லாஹ்! அதெல்லாம் நேத்துத்தானே தொடச்சன், புள்ள!"

விஜயகலா முதலில் எழுதிய நிரலில், ஃபோல்டரில் அழித்தால் தரவும் போய்விடும். பிறகு பயந்துபோய், யார் எதை அழித்தாலும் நிரல் ஆமாம் சாமி போட்டுவிட்டு உள்ளே தரவைத் தொடாதபடி, திரும்பத் திறந்தால் பெயர்கள் நிற்கும்படி மாற்றியிருந்தாள். ஆனால் அந்த மாற்றத்தைக் கடைக் கணினியில் போட்டாளா? பாவி மனதுக்கு ஞாபகம் வரவில்லை.

"நானா, எல்லாத்தையும் மூடிட்டு மறுபடி தொறங்க."

போனில் சுட்டியின் டிக் டிக். அவள் குலதெய்வத்தைக் கூப்பிட்டாள்.

"ஈக்குது புள்ள! எல்லாம் அப்பிடியே ஈக்குது!" என்று கத்தினார் நானா. "ஓ நெகட்டிவ்... இது நம்மட பளீலாவெல்லோ! பொண்டாட்டியவே அழிச்சிட்டு உக்காந்திருக்கேனே!"

போன உயிர் திரும்பியது விஜயகலாவுக்கு. படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

நானா கடையை இழுத்து மூடி, மனைவியை ஆட்டோவில் ஏற்றிப் பறந்தார். மத்தியானம் ஷாமிளா கண்விழித்தாள், பிள்ளையும் சுகம். இரத்தம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பளீலாவைப் பார்த்தபடி நானா போனில் சொன்னார்:

"புள்ள, இவ எத்தின தட்டுல வேணுமெண்டாலும் ஈக்கட்டும்."