உப்புக்கும் மூடிக்கும் நடுவில்

செய்தி வந்தபோது என் கையில் உப்பு இருந்தது. பெங்களூரில் அன்வர் மவுத்தாகிவிட்டார் என்று பின்னால் நின்று என் மகன் சொன்னான். நான் திரும்பவில்லை. உப்பைப் போட்டு, தேக்சாவை மூடிய பிறகுதான் "எப்ப அடக்கம்?" என்று கேட்டேன். மகனுக்கு மனத்தாங்கல். அன்வரை அறிந்த உங்களுக்காவது காரணம் தெரிய வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் இந்தக் கடிதத்தை எழுதுகிறாள்.

எண்பதுகளின் கடைசி. தன் தங்கை கல்யாணத்துக்காக அன்வர் செஞ்சிக்கு வந்திருந்தார். டேப் ரிக்கார்டர் கொண்டுவருவார் என்று பார்த்தால், கையில் ஒரு காகிதக் கட்டு. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூளை வைத்து ஓட்டும் வேலை அவர் கம்பெனியில் நடந்தது. அந்தப் புரோகிராம் அச்சடித்த காகிதத்தையே அடுப்பங்கரையில் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாண வூட்டுல இன்னா பரீட்சை?" என்று என் மச்சான் ஜமால் கிண்டல் செய்தான்.

பிரியாணி சமைத்தது நானும் ஜமாலும்தான். எங்களுக்குள் ஒரு வழக்கம்: உப்புப் போட்டவன் உடனே மூட வேண்டும். மூடியிருந்தால் உப்பு விழுந்தாயிற்று என்று அர்த்தம். அன்று நான் கறியில் உப்பைப் போட்டேன். மூடியை எடுப்பதற்குள், மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிட்டது என்று பெண்ணையும் அன்வரையும் பெற்ற அத்தா கூப்பிட்டார். ஓடினேன். திறந்து கிடந்த தேக்சாவைப் பார்த்த ஜமால், முழு உப்பையும் இன்னொரு தடவை போட்டு மூடிவிட்டான்.

திரும்பி வந்து ருசி பார்த்தேன். கடல் தண்ணீர். புகுந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். எனக்கு இந்த ஊரில் இனி அடுப்பு கிடைக்காது. அன்வரும் ஒரு துளி நக்கிப் பார்த்தார். அத்தாவிடம் போய்ச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

"யாரு போட்டதுன்னு அப்பறம் பாத்துக்கலாம் மாமா. இப்ப இன்னா பண்ணலாம்?" என்றார்.

உலையில் உப்பே போடாமல் அரிசியை வடித்துக் கறியோடு சேர்த்தோம். சரிக்கட்டிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பந்தி முடிந்ததும் அன்வருக்குச் சிரிப்பு. கம்ப்யூட்டருக்குள் வேலையைப் பங்கு போட்டுக் கொடுக்கும் மேஸ்திரி புரோகிராம் ஒன்று உண்டாம். கெர்னல் என்று பெயர். இரண்டு மூளையும் ஒரே சமயத்தில் அதில் கை வைத்தால், எங்கள் கறிக் கதைதான். அதனால் ஒன்று உள்ளே போனால் மற்றது வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போனதைப் பாதியில் கூப்பிடவும் கூடாது. பத்திரம்தான், ஆனால் இரண்டு மூளைக்கு ஒன்றேகால் வேலைதான் நடக்கிறது என்று அலுத்துக்கொண்டார்.

"சமையக்கட்டுக்கே பூட்டு போட்டா அப்பிடித்தான் தம்பி. வெங்காயம் ரெண்டு பேரும் அரியலாம். உப்புக்கு மட்டும் பூட்டு போடு. அதுல கை வெச்சவன கூப்புடாத. அவனும் சட்டுனு மூடிட்டு வந்துடணும்," என்றேன்.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார்.

அடுத்த பெருநாளுக்கு வந்தபோது, காகிதத்தில் ஓரிடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தார். "இது உங்க உப்பு மாமா." பெரிய பூட்டைக் கழற்றிச் சின்னச் சின்னப் பூட்டுகளாகப் போட்டார்களாம். அதில் ஒன்றுக்கு உப்பு என்றே பெயர். படிக்கத் தெரியாத விரல் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

உப்புக் கரித்த சேதியை அவர் அத்தாவுக்கும் தங்கைக்கும் கடைசிவரை சொல்லவில்லை. அதனால்தான் அடுத்த முப்பது வருஷமும் எனக்கு அடுப்பு எரிந்தது. இன்று நானே சொல்லிவிட்டேன். அந்தத் தங்கச்சி என்னை மன்னிக்க வேண்டும்.

இப்போது நான் சமைப்பதில்லை. உப்பு மட்டும் என் கை. அதில் கை இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். மகனுக்குப் புரியாது; அன்வருக்குப் புரிந்திருக்கும்.

மூடியைப் போட்ட பிறகுதான் அழுதேன்.