இடப்பக்கம் நான் பார்க்கிறேன்

டென்மார்க்குக் கார்களுக்கு ஹோன் என்று ஒரு ஒலிப்பான் இருக்கிறதா என்று எனக்குப் பல காலம் சந்தேகம். சில்க்போர்க்கில் எங்கள் வீதியில் ஒரு கிழமை முழுக்கக் காது கொடுத்துக்கொண்டு நின்றாலும் ஒரு சத்தம் கேட்காது. யாராவது அடித்தால் அவருக்குக் கடும் கோபம், இல்லையென்றால் யாருக்கோ ஆபத்து. யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓட்டிய என் கணவருக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை. அங்கே ஹோன் என்பது பேச்சு. வாறன், விலகு, நன்றி, சாப்பிட்டாச்சோ, எல்லாவற்றுக்கும் அதுதான்.

போன மாரியில் அவருக்கு மூளையில் இரத்தம் உறைந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, கைகால் வழங்குகிறது. ஆனால் இரண்டு கண்ணிலும் இடப்பக்கக் காட்சி போய்விட்டது. சாப்பாட்டுக் கோப்பையின் இடப்பக்கம் வைத்த கறியைக் காணாமல், "இண்டைக்குக் கறி வைக்கேல்லையோ?" என்பார். கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் நான் வேலை செய்யும் முதியோர் இல்லம்வரை, நாலு கிலோமீட்டருக்கு அப்பால் ஓட்டியதில்லை. மகள் யாழினி தலைநகருக்குப் பக்கத்தில், அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டுத் தன் பக்கத்தில் ஒரு பிளாட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். "அம்மா, நீங்கள் இருக்கிற யூலண்டில் கார் இல்லாமல் இருக்க முடியாது. நீங்கள் ஓட்டுவதைக் கார் ஓட்டுவது என்று சொல்லவும் முடியாது," என்றாள், வழக்கம்போல டேனிஷில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேற்குக் கடல்வரைக்கும் நானே காரை ஓடிக்கொண்டு போய், அண்டைக்கே திரும்பி வாறன். வந்தால் வீடு விக்கிற கதையை நீ இனி எடுக்கக்கூடாது," என்றேன். அவள் "ஓகே" என்றாள். அந்த ஓகேயில் எள்ளளவும் நம்பிக்கை இல்லை.

மே மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, நாலு டயருக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்பட்டோம். அயல்வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, டயரில் ஏதும் பிழையா என்று கேட்டாள். பாதுகாப்புக்காக என்றேன். குளிர்கால டயரை இன்னும் மாற்றவில்லையாக்கும் என்று அவள் தலையாட்டினாள். பெருந்தெருவை விட்டுவிட்டுச் சின்ன வீதிகளாகப் பார்த்துத்தான் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தேன். அதிலும் ரயில் பாதை வலப்பக்கமாக வரும் வீதிகள். இந்த மனிதருக்கு ரயில் என்றால் உயிர், தெரிவதோ வலப்பக்கம் மட்டும்.

ஹெர்னிங்கைத் தாண்டினால் நிலம் தட்டையாகிவிடும். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் மஞ்சளாய்ப் பூத்த ராப்ஸ் கடுகு வயல், தூரத்தில் மழை தனியாகப் பெய்துகொண்டு நடந்து போகும். "இந்தா மழை. எங்களுக்கில்லை, அங்காலை," என்று அவர் நேர்முக வர்ணனை செய்துகொண்டு வந்தார். இரண்டே பெட்டியோடு ஒரு டீசல் ரயில் எங்களைச் சுலபமாக முந்திக்கொண்டு போனது. அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே நான் போய்க்கொண்டிருந்தேன், முதுகு முழுக்க வியர்வை.

யுத்த காலத்தில் ஊரில் தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டையையும் பங்கர் கட்டக் கழற்றிக்கொண்டு போன பிறகும், கொடிகாமத்து ரயில் கடவையில் இவர் மினிபஸ்ஸை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்ப்பார். "என்ன அண்ணை, யாழ்தேவி ரயில் வருதோ?" என்று சனம் சிரிக்கும். "வராதெண்டு ஆரும் எழுதித் தந்தவையோ?" என்பார். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு அவரைத்தான் கட்டினேன்.

ஒரு நேர் வீதியில் எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முந்த எனக்குத் துணிவு வரவில்லை. பின்னாலேயே ஊர்ந்தேன். "ஹோன் அடியுமப்பா, மனுசனுக்குத் தெரியட்டும்," என்றார் இவர். அடித்தேன். கிழவர் துள்ளி விழாத குறையாகப் புல்லுக்குள் இறங்கி நின்றார். காரை ஓரங்கட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன்.

"நான் என்ன செய்தேன்?" என்று கேட்டார் கிழவர்.

"ஒன்றுமில்லை. நாங்கள் வருகிறோம் என்று சொன்னோம்."

"இரண்டு கிலோமீட்டராகப் பின்னால்தானே வருகிறீர்கள்? அது எனக்குத் தெரியும். ஏன் போகவில்லை என்பதுதான் தெரியவில்லை." காற்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "இங்கே ஹோன் அடிப்பது ரயில் மட்டும்தான். அதுவும் தடுப்பில்லாத கடவையில். உங்களுக்கும் உரிய வீதிதானே? போங்கள்."

காருக்குள் வந்து ஏறியதும் இவர், "என்னவாம்?" என்றார்.

"போகட்டாம்."

"அதைத்தானே நானும் சொன்னனான்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முப்பது வருடமாக இந்த நாட்டில் ஒவ்வொரு வாசலிலும் 'உன்ஸ்குல்' என்று மன்னிப்புக் கேட்டுவிட்டே நுழைந்திருக்கிறேன். மகளிடம்கூட என் சொந்த வீட்டில் இருக்க அனுமதி கேட்டுக்கொண்டுதான் இந்தப் பயணம். சிக்னலைப் போட்டு, கிழவரை விட்டு நன்றாக விலகி, சத்தமில்லாமல் முந்தினேன். அவர் கையை உயர்த்தினார்.

மத்தியானம் கடலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மணல்மேட்டுக் காற்றில் புட்டும் பொரியலும் சாப்பிட்டு, இருவருமாக நின்று படம் எடுத்து யாழினிக்கு அனுப்பினேன். பதிலுக்கு உயர்த்திய பெருவிரல் படம் ஒன்று வந்தது. பின்னால், "சரி, திரும்பி வருவது?" என்று ஒரு வரி.

திரும்பும்போது ரயில் பாதை இடப்பக்கம் வந்துவிட்டது. அவருக்கு அது இல்லை. "ரயில் ஏதும் போகுதோ?" என்று கேட்டபடி வந்தார். போனபோதெல்லாம் சொன்னேன். இத்தனை பெட்டி, இன்ன நிறம், சனம் குறைவு. ஒரு ட்ராக்டர் வழியை அடைத்துக்கொண்டு போனது. எதிரே வீதி வெறிச்சென்று கிடந்ததைப் பார்த்துக்கொண்டு அதையும் முந்தினேன். ஹோனில் கை வைக்கவில்லை. அவரும் அடிக்கச் சொல்லவில்லை.

பாதையைக் கடந்து வடக்கே திரும்பும் இடத்தில் தடுப்பில்லாத ஒரு சின்னக் கடவை. நிறுத்தினேன். அவர் கழுத்தை நீட்டி, "என்ரை பக்கம் ஒண்டும் இல்லை. உம்மடை பக்கம்?" என்றார்.

"வருது. கொஞ்சம் பொறுங்கோ."

அப்போதுதான் அவருடைய காலைப் பார்த்தேன். பிரேக் இருப்பதுபோல, வெறும் கால்மிதியை வலக்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பது வலப்பக்க இருக்கை. ஊரிலென்றால் அதுதான் ஓட்டுநரின் இடம், நான் இருப்பது பக்கத்தில் இருப்பவரின் இடம். ஒரே காரை அவர் அங்கேயும் நான் இங்கேயுமாக நிறுத்தி வைத்திருந்தோம்.

ரயில் ஹோன் அடித்துக்கொண்டு என் பக்கத்தால் வந்தது. கண்ணாடிக்கு முன்னால் அரைவாசி கடந்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. "இந்தா, வந்திட்டுது!" என்றார். கடைசிப் பெட்டி அவர் பக்கத்தால் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ரை பக்கம் போட்டுது," என்றார்.

"என்ரை பக்கமும் இல்லை," என்றேன்.

இரண்டு பேரும் ஒன்றாகப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தோம்.