பெண்கள் பக்கத்துக் கதவும் ஒரு சிரிப்புப் படமும்

சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கத்துக் கதவில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலை இருக்கிறதே, அதில் படத்தை நிம்மதியாகப் பார்க்கவே முடியாது. பார்த்துவிட்டு வருகிறவர்களின் மூஞ்சியைத்தான் பார்க்க முடியும். பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரி ஆயா, ரேஷன் கடையில் அளந்து போடுகிறவர் என்று வாசலில் நின்று ஊரார் வாய்க்குப் பதில் சொல்லிப் பிழைக்கிற யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். படத்தை எடுத்த மகராசன் மெட்ராசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். திட்டு வாங்குகிறவள் திண்டுக்கல் வெயிலில் நிற்பாள்.

அறுபதுகளில் ஒரு பங்குனி மாதம் எங்கள் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, புத்தகமாகி, அப்புறம் படமான கதை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவாள், பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு சைக்கிள் விடுவாள், வீட்டு ஆட்டுக்குட்டிக்கு ‘கலெக்டர்’ என்று பேர் வைத்து அதனிடம் மனு கொடுப்பாள். பிடிக்காத மாப்பிள்ளையை அவள் எப்படித் தட்டிக் கழிக்கிறாள் என்பதுதான் கதை. ஓடியது மூன்று வாரமோ என்னமோ, அதற்குள் ஊரே இரண்டாகப் பிரிந்து என்னிடம் சண்டைக்கு வந்தது.

இவள் அவள் இல்லை

முதல் நாளே வந்தவர் நாகல் நகர் சரோஜினி டீச்சர். தொடர்கதையை வாரா வாரம் கத்தரித்து, பைண்டு பண்ணி, பள்ளிக்கூடம் முழுக்கப் படிக்கக் கொடுத்தவர். உள்ளே போகும்போது பண்டிகைக்குப் போகிறவர் மாதிரி சிரித்துக்கொண்டு போனார். இடைவேளையிலேயே முகம் இருண்டு போச்சு. கதையில் வருகிற பெண் கறுப்பாம், ஒல்லியாம், ஒட்டுப் போட்ட பாவாடையாம். படத்தில் அவளுக்கு உதட்டுச் சாயம் பூசி, புருவத்தை வில்லு மாதிரி வரைந்துவிட்டார்களாம்.

“நான் என்ன டீச்சர் செய்ய, நானா புருவம் வரைஞ்சேன்?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்குள் காலேஜ் பெண்கள் நாலைந்து பேர், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி எங்களைத் தாண்டி முறுக்கு வாங்கப் போனார்கள். டீச்சர் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“படத்துல வர்ற இந்தப் பொண்ணுக்குப் பதினாறு வயசுன்னா, எனக்கு இன்னும் காதே குத்தலைன்னு அர்த்தம்!”

சுவருக்கு இந்தப் பக்கம்

படத்தில் ஒரு கிணற்றுக் காட்சி. கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளாத பெண், அம்மிக் குழவியைத் தூக்கித் தோட்டத்துக் கிணற்றில் போட்டுவிட்டு, “அம்மா!” என்று ஒரு கூப்பாடு போட்டு, வைக்கோல் படப்புக்குள் ஒளிந்துகொள்வாள். ‘தொபுக்கடீர்’ என்று சத்தம் கேட்டு வீடே ஓடிவரும். அப்பாவாக வருகிற தொந்திக்கார நடிகர் கிணற்றுமேட்டில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு, “மாப்பிள்ளையே வேண்டாம், நீ வந்தாப் போதும்” என்று அழுவார். அழுகிற வேகத்தில் வேட்டி அவிழும். அந்த இடத்தில் ஆண்கள் பக்கம் விசில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

எங்கள் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்தப் பக்கம் சிரிப்பு அலை அடிக்கும்போது, இந்தப் பக்கம் டவுன்காரப் பெண்கள் மட்டும்தான் சிரிப்பார்கள். தரையில் உட்கார்ந்திருக்கிற கிராமத்துப் பொம்பளைகள் மூச்சு விட மாட்டார்கள். நம்ம சீமையில் எந்த ஊர்க் கிணற்றுக்குக் கதை இல்லை, சொல்லுங்கள்? அய்யலூர்ச் சந்தையில் ஆடு விற்றுவிட்டு வந்த ஒருத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாதியில் எழுந்து வந்தாள். “என்ன ஆத்தா, மேலுக்கு முடியலையா?” என்று கேட்டேன். அவள் உள்ளே சிரிப்பு வருகிற பக்கம் கையைக் காட்டினாள்.

“எங்க அக்காளக் கெணத்துலேருந்து தூக்கிப் போட்டப்ப ஒருத்தரும் சிரிக்கலயே ஆத்தா.”

மேனேஜர் சொன்ன நியாயம்

இப்படிப் பலபேர் எழுந்து வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆபரேட்டர் மரியதாசையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். மரியதாஸ் நல்ல மனுசன், ஆனால் பயந்தாங்கொள்ளி. “சார், அந்தக் காட்சிய மட்டும் வெட்டிட்டு ஓட்டலாம். நான் ஒட்டுப் போட்டா ஒருத்தருக்கும் தெரியாது” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். நான் விளக்கமாகச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மேனேஜர் வெற்றிலையை மென்றபடி கேட்டார், துப்பிவிட்டு வந்தார், பிறகு தீர்ப்பு சொன்னார்:

“சிரிக்கிறவன் மறுபடியும் வருவான், அழுவுறவ ஒரு தடவதான் வருவா. போய்க் கதவத் திறங்க.”

பூக்காரர் மகள்

சிரித்து மறுபடி மறுபடி வந்தவர்களில் ஒருத்தி தவமணி. மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுவருகிற பெருமாளின் மகள். பள்ளி இறுதி வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். டீச்சர் டிரெயினிங்கில் சேர அவளுக்கு ஆசை. ஆனால் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிற தாய்மாமனுக்கு அவளை வைகாசியில் கட்டிக்கொடுப்பதாக ஏற்பாடு. பெண்டாட்டியை இழந்த மனுசன், அவனுக்கு இரண்டு பிள்ளைகள் வேறே. “வேண்டாம்னு சொல்லிட்டேங்க்கா. சோறு திங்காமக் கெடந்தும் பாத்துட்டேன். அம்மா கேக்க மாட்டேங்குது, அம்மா சொன்னா அப்பாவும் தலைய ஆட்டுது” என்று என்னிடம் அழுதிருக்கிறாள்.

பெருமாள் சினிமா பார்க்கிற ஆளே இல்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகளை என் கதவில் விட்டு, “ஆத்தா, புள்ளயப் பாத்துக்க. செத்த நேரத்துல வாரேன்” என்று போய்விடுவார். ஒருநாள் நான் கேட்டேன்: “ஏன் பெரியவரே, பாத்த படத்தையே பாக்குறாளே, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?” துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

“வீட்டுல அழுதுக்கிட்டே கெடக்கா. இங்க வந்தாத்தான் சிரிக்கா. சிரிக்கட்டுமே ஆத்தா.”

காட்டுக் கிணறு

அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் போட்ட பிறகு, சித்திரை வெயிலில் பூ மார்க்கெட் பெண்கள் சேதி கொண்டுவந்தார்கள். தவமணி வீட்டு அம்மிக் குழவியைத் தோட்டத்துக் கிணற்றில் போட்டுவிட்டுக் கத்தியிருக்கிறாள். வைக்கோல் படப்புக்குள் போய் ஒளிந்திருக்கிறாள். அப்பா வந்து அழுவார், கல்யாணம் வேண்டாம் என்பார், வெளியே வரலாம் என்று காத்திருக்கிறாள். செடிக்குள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்த பெருமாள், “ஏ தாயி!” என்று ஒரே ஓட்டமாக வந்தவர், கிணற்றுமேட்டில் நிற்கவே இல்லை. வந்த வேகத்தில் குதித்துவிட்டார். கோடைக் கிணறு, இடுப்பளவு தண்ணீர், அதற்குக் கீழே பாறை. கயிற்றுக் கட்டிலில் வைத்துத்தான் மேலே தூக்கினார்களாம்.

துக்கம் கேட்கப் போனேன். பொம்பளைகள் கூடி மாரடித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் அழாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போய்க் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ நான்தான் அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவள் என்பதுபோல.

“படத்துல அவுக அப்பா குதிக்கவே இல்லியேக்கா.”

டீச்சர் சொன்னது

கல்யாணம் நிற்கவில்லை. அப்பன் இல்லாத பெண்ணை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று, கருமாதி முடிந்த கையோடு அந்தத் தாய்மாமனையே தாலி கட்டவைத்து ஆயக்குடிக்கு அனுப்பிவிட்டார்கள். மேளம்கூட இல்லை. டிரெயினிங் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை என்று மார்க்கெட்டில் சொன்னார்கள்.

கொஞ்ச நாள் கழித்துச் சரோஜினி டீச்சர் ஒரு சாமி படத்துக்கு வந்தார். நடந்ததை எல்லாம் அவரிடம் கொட்டினேன். கேட்டவர் படத்துக்கு உள்ளே போகவில்லை. என் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். “அந்தப் பிள்ளை கதையைப் படிச்சதில்லையா?” என்று கேட்டார். “பூக்காரர் வீட்டுல பத்திரிகை ஏது டீச்சர்? அவளுக்குத் தெரிஞ்சது படம் மட்டும்தான்” என்றேன். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

“கதையில அவ அப்பா யோசிக்காமக் குதிச்சிடுவாரும்மா, காலு ஒடிஞ்சு கிடப்பாரு, அதைப் பாத்துட்டுத்தான் அவ விளையாட்டையே விடுவா, சிரிப்பு கெட்டுப் போகும்னு அதை மட்டும் எடுத்துட்டாங்க.”

இப்போதும் ‘குடும்பத்தோடு கண்டு சிரியுங்கள்’ என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்தால், எந்தக் குடும்பத்தோடு என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும், ஆனால் எனக்குச் சம்பளம் கொடுப்பது டிக்கெட்டைக் கிழிக்கத்தானே.